ஆறாவது இலக்கம்

இன்று மூன்றாவது பீரியடில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கபடி ஆடும்போது விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றினேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கை அப்படியே நின்றுவிட்டது. "மிஸ், ரொம்ப எரியுமா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கோ கண்ணாடிக் கதவும் பச்சைத் திரையும், "பத்து நிமிஷம்தான், ஒருத்தர்தான்" என்ற நர்ஸின் குரலும் வந்துவிட்டன. பள்ளிக்கூடம் விட்டு எல்லோரும் போன பிறகும் ஸ்டாஃப் ரூமிலேயே உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு எழுதாமல் பஸ் ஏற முடியவில்லை.

நாம் சண்டையில்தான் அறிமுகமானோம். துறையூரிலிருந்து மாற்றலாகி வந்த முதல் வாரம். பத்தாம் வகுப்பின் விளையாட்டு பீரியடுக்கு விசிலும் கையுமாக மைதானத்தில் நிற்கிறேன், ஒரு பிள்ளையைக் காணோம். மாடியேறி வந்து பார்த்தால், கரும்பலகை கொள்ளாமல் நீ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாய்.

"இது என் பீரியடுங்க" என்றேன்.

"தெரியும். போர்ஷன் முடியலை. உங்க ஓட்டத்தை நாளைக்கு வச்சுக்கோங்கோ."

"நாளைக்கு இந்த வகுப்புக்கு எனக்குப் பீரியடு இல்லைங்க."

"அப்ப அடுத்த வாரம்."

வாசலில் நின்றபடியே விசிலை ஊதினேன். நாற்பது பிள்ளைகளும் ஒரே மூச்சில் எழுந்து படியிறங்கி ஓடிவிட்டார்கள். காலி வகுப்பில் சாக்பீஸோடு தனியாக நின்ற நீ என்னை முறைத்தாய். பிறகு உனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று மாலை பார்த்தால் இருவருக்கும் ஒரே பஸ். நான் திருவானைக்கோவிலில் இறங்க வேண்டும், நீ ஸ்ரீரங்கம் வரை போக வேண்டும். அதன் பிறகு பதினாறு வருஷம் அந்த பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தே போனோம். மரியாதையெல்லாம் முதல் வருஷத்திலேயே போய்விட்டது. நான் உனக்கு "பி.டி.", நீ எனக்கு "மேத்ஸ்". பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் நம்மை அப்படிக் கூப்பிட்டதில்லை.

டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் நீ அதன் எண்ணைத்தான் பார்ப்பாய். மூன்றால் வகுபடும், பதினொன்றால் வகுபடாது என்று முணுமுணுப்பாய். சில நாள் காவிரிப் பாலம் முடிவதற்குள், "இது பகா எண்ணா இருக்கும் போலிருக்குடி" என்று பரபரப்பாய். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண்ணுக்குப் பகா எண் என்று பெயர் என்பதோடு என் கணக்கு அறிவு முடிந்தது. நீ பேசும்போது நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தண்ணீர் வந்திருந்தால் தண்ணீரை, வராவிட்டால் மணலை.

உனக்கென்று ஒரு எண் இருந்தது. எட்டு இலக்கம். ஏழில் தொடங்கும். எத்தனை தடவை சொல்லியிருப்பாய்!

"கடைசி இலக்கத்தை அழிச்சிடு. மிச்சம் இருக்கற ஏழு இலக்கமும் பகா எண். அதுலயும் கடைசியை அழி, ஆறு இலக்கம், அதுவும் பகா எண். இப்படியே ஒண்ணொண்ணா அழிச்சுண்டே வா. கடைசியில ஏழு மட்டும் நிக்கும். அதுவும் பகா எண்தான்."

"சரி, அதுக்கென்ன?"

"இதைவிடப் பெருசா இந்த மாதிரி இன்னொண்ணு கிடையாதுடி. எண்ணுக்கு முடிவே இல்லைங்கறோம். ஆனா இந்த வகை மட்டும் இங்க வந்து நின்னுடறது. எந்தக் காலத்துலயும், யார் தேடினாலும், இதுக்கு மேல இல்லை. உனக்கு ஆச்சரியமாவே இல்லையா?"

"நான் இறங்கற இடம் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம், ஒன்பதாம் வகுப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே நீ விழுந்தாய். பிள்ளைகள் மாடியிலிருந்து கத்திய கத்தலில் மைதானத்திலிருந்து ஓடி வந்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியது நான்தான். கை கால் தொய்ந்து போயிருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. மூளையின் அடித்தண்டில் ரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். மூச்சு விடுவதற்குத் தொண்டையில் குழாய் போட்டு மெஷினோடு இணைத்தார்கள். பெங்களூரிலிருந்து உன் அண்ணா வந்து சேர்ந்தார். தினமும் பதினொரு மணிக்கு ஒருவர் மட்டும் பத்து நிமிஷம் உள்ளே போகலாம். அவர் போவார். நான் வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

ஒன்பதாம் நாள் காலை உன் அண்ணா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் சின்னப் பித்தளைச் சொம்பில் பெருமாள் தீர்த்தம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பெரிய டாக்டர் பேசினா. நினைவு திரும்பும்னு நம்பிக்கை இல்லையாம். கண்ணைத் திறந்து மூடறதெல்லாம் தானா நடக்கறதாம். இன்னும் எத்தனை நாள் குழாயும் ஊசியுமா வச்சுண்டு இருக்கறது? மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆம்புலன்ஸ்ல ஸ்ரீரங்கம் ஆத்துக்கு அழைச்சிண்டு போறோம். அங்க வந்து மூச்சுக் குழாயை எடுத்துடுவா. பெருமாள் திருவடியில சேரட்டும்."

சொம்பை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கு நீங்க போய்ப் பாருங்கோ. கடைசியா ஏதாவது சொல்லணும்னா சொல்லிட்டு வாங்கோ."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒன்பது நாளாக அந்த மனிதர் சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி, ஃபோனைக் கொடுத்து, கையில் மருந்து தேய்த்துக்கொண்டு உள்ளே போனேன்.

நீ மேற்கூரையைப் பார்த்தபடி கிடந்தாய். மெஷின் இழுத்து இழுத்து மூச்சு விட்டது. என்ன சொல்வது? போய் வா என்பதா? மன்னிச்சுக்கோ என்பதா? வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் போலிருந்தது. சரி, உனக்குப் பிடித்ததைச் சொல்லிவிட்டுப் போவோம் என்று உன் எண்ணைச் சொல்லத் தொடங்கினேன். மைதானத்தில் எண்ணுவேனே, அப்படி ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு.

"ஏழு. மூணு. ஒன்பது. மூணு. ஒன்பது. மூணு."

நீ கண்ணை மூடினாய். திறந்தாய்.

எனக்கு அதற்கு மேல் நிச்சயமாகத் தெரியாது. ஏதோ ஒரு மூணும் ஒண்ணும் வரும் என்று ஞாபகம். முதலிலிருந்து தொடங்கினால் வாயில் வந்துவிடும் என்று மறுபடி ஆரம்பித்தேன். ஏழு, மூணு, ஒன்பது, மூணு, ஒன்பது. ஐந்து வரைக்கும் கண் அசையவில்லை. ஆறாவதாக "மூணு" என்றேன். மூடினாய்.

இருபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகளின் உடம்பைப் பார்த்துப் பிழைக்கிறவள் நான். வலிப்பதாக நடிக்கிற காலையும் நிஜமாக வலிக்கிற காலையும் பத்தடி தூரத்திலிருந்து சொல்லுவேன். இமை தானாக விழுவது வேறு, இழுத்து மூடுவது வேறு. நீ இழுத்து மூடினாய். அதில் கோபம் இருந்தது. தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையின் நோட்டில் சிவப்பு மையால் கோடு இழுப்பாயே, அந்தக் கோபம்.

குனிந்து உன் காதருகில் கேட்டேன்.

"மேத்ஸ், நான் தப்பா சொல்றேனா? தப்புன்னா கண்ணை மூடு."

மூடினாய்.

"ஆறாவது தப்பா?"

மூடினாய்.

"நான் ஒண்ணுலேர்ந்து எண்ணறேன். சரியான இடத்துல மூடு. ஒண்ணு…"

உடனே மூடினாய். பஸ்ஸில் நூறு முறை சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "ஆறாவது இடத்துலதான் எல்லாரும் விழறா. முப்பத்தொன்பது, முப்பத்தொன்பதுன்னு வந்த வேகத்துல அடுத்ததும் மூணுன்னு போட்டுடறா. மூணு போட்டாலும் பகா எண்தான். ஆனா அந்த வழி ஏழு இலக்கத்தோட நின்னுடும். ஒண்ணு போட்டாதான் எட்டு வரைக்கும் போகலாம்."

"நேரம் ஆயிடுச்சும்மா" என்றார் நர்ஸ்.

"ரெண்டு நிமிஷம்ங்க. தயவு பண்ணுங்க."

ஏழாவது இடம். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூடினாய். எட்டாவது இடம். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூடினாய். நர்ஸின் சட்டைப் பையிலிருந்து பேனாவைக் கேட்காமலே உருவி உள்ளங்கையில் எழுதினேன். 73939133. நர்ஸ் என் தோளைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். அவசரத்தில் கிறுக்கியதில் மூன்றுகள் எல்லாம் கோணலாக இருந்தன.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்த டியூட்டி டாக்டர் சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. அவர் முன்னால் கையை விரித்துக் காட்டினேன்.

"டாக்டர், இந்த நம்பர் எனக்கு முழுசாத் தெரியாதுங்க. ஆறாவதை நான் தப்பாச் சொன்னேன், அவ திருத்தினா. கடைசி ரெண்டும் அவளே சொன்னா. சரியான்னு உங்க ஃபோன்ல போட்டுப் பாருங்க."

"அம்மா, சொந்தக்காரங்களுக்கு அப்படித் தோணறது சகஜம்தான். கண் தானா…"

"நான் சொந்தக்காரி இல்லைங்க. பி.டி. டீச்சர். நீங்க போட்டுப் பாருங்க."

என்னை அனுப்பிவைத்தால் போதும் என்றுதான் ஃபோனை எடுத்தார். எண்ணை அடித்தார். படித்தார். மறுபடி என் கையைப் பார்த்தார். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். நான் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர் உன்மேல் குனிந்து ஏதோ கேட்டார். வெகு நேரம் நின்றார். கேட்டதை அப்புறம் எனக்குச் சொன்னார். "தொண்ணூத்தொண்ணு பகா எண்ணா? ஆமான்னா ஒரு தடவை, இல்லைன்னா ரெண்டு தடவை." நீ இரண்டு தடவை மூடினாய். ஏழு பதின்மூன்று தொண்ணூத்தொண்ணு. "தொண்ணூத்தேழு?" ஒரு தடவை.

அவர் வெளியே வரும்போது முகம் வெளுத்திருந்தது. நேராக உன் அண்ணாவிடம் போனார்.

"சார், ஆம்புலன்ஸ் வேண்டாம்னு சொல்லிடுங்க. அவங்களுக்கு நினைவு இருக்கு. முழுசா இருக்கு. உடம்புதான் அசையலை."

உன் அண்ணா சட்டென்று எழுந்தார். சொம்பிலிருந்த தீர்த்தம் வேட்டியெல்லாம் கொட்டியது.

"அவ கட்டில்கிட்ட நின்னுண்டுதான் எல்லாம் பேசினேன்" என்றார். "ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணினதுகூட அங்க நின்னுண்டுதான். அவ கேட்டுண்டு இருந்திருக்கா. எல்லாத்தையும் கேட்டுண்டு இருந்திருக்கா."

அதன் பிறகு நீ பதினான்கு மாதம் இருந்தாய். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்த பிறகு மெஷின் இல்லாமலே மூச்சு விட்டாய். சித்திரை வீதி வீட்டின் முன்னறையில் உனக்குக் கட்டில் போட்டார்கள். உன் அண்ணா பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்தார். நான் எழுத்துகளை வரிசை வரிசையாக ஒரு அட்டையில் எழுதிக் கொண்டுவந்தேன். வரிசை மேல் விரலை நகர்த்துவேன், வேண்டிய இடத்தில் நீ மூடுவாய். ஒரு வார்த்தைக்கு ஐந்து நிமிஷம் ஆகும். நீ எழுதிய முதல் வாக்கியம்: "எத்தனை தடவை சொல்லியிருக்கேன்." நான் அழுதுகொண்டே சிரித்தேன். சில நாள் கழித்து, "நீ சரியாகச் சொல்லியிருந்தால் சும்மா கேட்டுக்கொண்டு கிடந்திருப்பேன்" என்று எழுதினாய். அதைப் படித்து முடித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பஸ்ஸில் கேட்காததையெல்லாம் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டேன். 73939 வரைக்கும் வந்தபின் ஒன்று, மூன்று, ஏழு, ஒன்பது எதை ஒட்டினாலும் பகா எண்தான் என்று ஒரு மாலை முழுக்கச் செலவழித்துச் சொல்லிக்கொடுத்தாய். ஏழும் ஒன்பதும் போட்டால் அங்கேயே நின்றுவிடும். நான் காகிதத்தில் வகுத்து வகுத்துப் பார்த்து, களைத்து, உன்னைத் திட்டினேன். உன் கண் சிரித்தது.

எல்லா மாலையும் அப்படி இல்லை. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், முதுகில் புண் வந்து, சளி கட்டி, நீ வியர்த்துக் கிடந்தாய். அட்டையைக் காட்டச் சொன்னாய். "அன்று ஏன் வந்தாய்." அவ்வளவுதான். அட்டையை மடித்து வைத்துவிட்டு உன் காலைப் பிடித்துவிட்டேன். மறுநாள் போகப் பயமாக இருந்தது, போனேன். அந்தக் கேள்வியை நீ மறுபடி கேட்கவும் இல்லை, திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

மூன்றாவது முறை நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தபோது நீ என்னிடம் எழுதிக் காட்டினாய். "ஆஸ்பத்திரி வேண்டாம். குழாய் வேண்டாம். வீடு." இரண்டு தடவை திருப்பிக் கேட்டேன். மறுநாளும் கேட்டேன். அதே பதில். அதை உன் அண்ணாவிடம் சொல்ல வேண்டியவள் நான்தான்.

கூடத்தில் நின்று சொன்னேன். அவர் கத்திவிட்டார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

"அன்னிக்கு ஓடி வந்து தடுத்தது நீங்கதானே? நான் பாவி ஆனேன். இன்னிக்கு நீங்களே வந்து விட்டுடுங்கோங்கறேளா? அவ தங்கை எனக்கு! உங்களுக்கு என்ன தெரியும்?"

"அன்னைக்கும் நான் எதுவும் சொல்லலைங்க. அவ சொன்னதைத்தான் வெளியில வந்து சொன்னேன். இன்னைக்கும் அதைத்தான் சொல்றேன்."

"நீங்க தப்பாப் படிச்சிருப்பேள்."

"அப்ப நீங்களே கேளுங்க" என்று அட்டையை நீட்டினேன்.

பதினான்கு மாதத்தில் அவர் அந்த அட்டையைத் தொட்டதில்லை. உனக்கு மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுவார், துடைத்துவிடுவார், பாசுரம் சொல்லுவார். ஆனால் நீ பேசுவதைக் கேட்க அவருக்குப் பயம். அந்த ஒன்பது நாளைப் பற்றி நீ ஏதாவது சொல்லிவிடுவாயோ என்ற பயம். அன்று வாங்கிக்கொண்டார். கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். விரல் வரிசைகளின்மேல் தடுமாறியது. வேண்டாத எழுத்தில் நின்றது, திரும்ப வந்தது. நான் கதவருகே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசலில் ஒரு ஆட்டோ நின்று, பேசி, கிளம்பிப் போகிற அளவுக்கு நேரம் ஆயிற்று. நீ முதலில் எழுதியது: "அண்ணா மேல் தப்பில்லை." அவர் அட்டையின்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்.

பிறகு நிமிர்ந்து, அட்டையைக் கீழே வைத்துவிட்டு, வாயால் கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு வேண்டாமாம்மா? நிஜமாவே வேண்டாமா? ஆமான்னா ஒரு தடவை. இல்லைன்னா ரெண்டு தடவை."

நான்கு நாள் கழித்து முற்பகலில் நீ போனாய். ஜுரத்தில் வாய் உலராமல் உன் அண்ணா பஞ்சால் தண்ணீர் தொட்டு வைத்துக்கொண்டே இருந்தார். நான் உன் காலடியில் இருந்தேன்.

உன் எண் இப்போது எனக்குத் தடங்கல் இல்லாமல் வருகிறது. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று என்று வார்த்தையாகவும் வரும். அதோடு ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. யாரிடமாவது ஏதாவது கேட்டால், வாயிலிருந்து பதில் வருவதற்குள் நான் அவர்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள், "பி.டி. மிஸ் மொறைக்கிறாங்கடி" என்று பேசிக்கொள்கிறார்கள். கண்டக்டர்கூட ஒரு நாள், "என்னம்மா, என்ன ஆச்சு?" என்றார். விட முடியவில்லை.

உன் அண்ணா எப்போதாவது கூப்பிடுவார். நலம் விசாரித்துவிட்டு, கடைசியில், தயங்கித் தயங்கி, அதையே கேட்பார். "அன்னிக்கு நான் கேட்டபோது அவ ஒரு தடவைதானே மூடினா? நீங்களும் பாத்தேளோல்லியோ?" கண் நிறைந்து போனதில் அவருக்குச் சரியாகத் தெரியவில்லையாம்.

நான் கதவருகில் இருந்தேன், மேத்ஸ். எனக்குக் கண் நிறையவில்லை. நிறையவிடவில்லை. ஒரு தடவை மூடினாய், திறந்தாய், அவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு தடவைதான். ஒவ்வொரு முறையும் அவரிடம் அதையே சொல்கிறேன்.